கண்ணாடியில் வெள்ளைத் தூசி

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிவிட்டு மூச்சு விடு என்கிறார்கள், என்ன நியாயமோ. பிளாஸ்டிக் நாற்றம் குமட்டுகிறது, ரப்பர் நாடா காதுக்கு மேல் அறுக்கிறது, கன்னத்தில் ஈரம் கோக்கிறது, பக்கத்து மேசையில் அந்தச் சின்னப் பெட்டி மாவு மில் மாதிரி விடாமல் ஓடுகிறது, அதிலிருந்து வரும் குழாய் வழியாக மருந்து புகையாக மேலேறி வருகிறது. புகையை விடு, புகையை விடு என்று எல்லாரும் சொல்லிச் சொல்லிப் போன தீபாவளியோடு சிகரெட்டை விட்டேன், இப்போது இவர்களே புகை கொடுக்கிறார்கள். சிரிக்கலாம்தான், ஆனால் சிரித்தால் இருமல் வரும், இருமல் வந்தால் லேசில் நிற்காது. "பேசாதீங்க, மருந்து தீர்ற வரைக்கும் சாதாரணமா மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். சென்னியப்பனைப் பேசாதே என்கிறாள். கோபியிலிருந்து சத்திக்குப் போகும் தனியார் பஸ்ஸில் இத்தனை வருஷமாகக் கண்டக்டர் நான், வாய்தான் எனக்குச் சோறு போட்டது, உள்ளே போங்க உள்ளே போங்க என்று கத்தியே ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவன். வாயை மூடினால் பேச்சு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள், அது மண்டைக்குள் போய் நெருக்குகிறது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டியிருக்கிறார்கள், அதில் சிவப்பாக நம்பர் தெரிகிறது, ஆனால் டாக்டர் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. என் வீட்டுக்காரி வசந்தாமணி வந்ததுமே அதைப் பார்த்துவிட்டு, "பாஸ் மார்க்கு எத்தனைங்க?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்தார், ஆனால் மார்க்கு எத்தனை என்று சொல்லவில்லை. நல்ல மார்க்காக இருந்தால் சொல்லியிருப்பார். அப்பாவுக்கும் இப்படித்தான் விரலில் கிளிப்பை மாட்டி முகத்தில் ஒன்றைக் கட்டினார்கள்.

அதை நினைக்காதே. ஜன்னலைப் பார், ஃபேனைப் பார், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாப்பாவைப் பார். அதற்கும் முகத்தில் இதே மாதிரி ஒன்று, அம்மாவின் போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது, பயம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினார், வேர்வையும் மஞ்சள், துண்டும் மஞ்சள், இருமித் துண்டில் துடைத்தால் சளியா மஞ்சளா என்று யாருக்கும் தெரியாது. அவருடைய கடைசி மார்கழியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், முகத்தில் கட்டினார்கள், அதற்குள்ளிருந்து அப்பா என்னைப் பார்த்து எதையோ சொன்னார், கேட்கவில்லை, என்னங்கப்பா என்று குனிந்தேன், மறுபடியும் சொன்னார், மறுபடியும் கேட்கவில்லை. தண்ணியா, ஜன்னலைச் சாத்தவா, அம்மாவைக் கூப்பிடவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார், ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. மாமா என்னை வெளியே தள்ளிக்கொண்டு போய், "மிஷின் வச்சுட்டாங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம் மாப்ள, ஆக வேண்டியதப் பாரு" என்றார். அவர் சொன்னபடியே முடிந்தது. மாமாவுக்கு எல்லா விஷயத்திலும் ஒரு அவசரம், பந்தியில் இலை போடுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவார், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது தப்பவில்லை. இப்போது எனக்கும் மிஷின் வைத்துவிட்டார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வசந்தாமணிக்குக் கேட்குமா? சும்மா ஒருமுறை வசந்தா என்று சொல்லிப் பார்த்தேன், உள்ளுக்குள்ளேயே மோதிக் காதில் திரும்பி வந்தது. பாப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டது.

முதலில் இது வெறும் சளிதான். மழைக்காலத்தில் எல்லாருக்கும் வருவதுதான், நெஞ்சு கட்டிக்கொண்டது, இரண்டு நாள் காய்ச்சல், இதே டாக்டரம்மாவிடம்தான் வந்தேன். மூச்சுக் குழாயில் வீக்கம், வைரஸால் வந்தது, ஆன்டிபயாடிக் வேண்டாம், ஆவி பிடிங்க, சுடுதண்ணி குடிங்க, ரெஸ்ட் எடுங்க, இருமல் போக மூணு வாரம்கூட ஆகும், பயப்படாதீங்க என்றார். ஊசி போடாத டாக்டர் ஒரு டாக்டரா என்று அன்றைக்கே நாலு தெரு தள்ளிப் போய் வேறொருவரிடம் ஊசி போட்டுக்கொண்டேன், மூன்று வாரத்தில் இருமல் போயிற்று, ஊசிதான் கேட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். அடுத்த மழைக்கும் வந்தது. அதற்கடுத்த மழைக்கும் வந்து, மழை போன பிறகும் போகாமல், சொந்தக்காரன் மாதிரி தங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் அரை டம்ளர் சளி. கைவைத்தியத்துக்கா பஞ்சம், தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, ஆடாதொடை, மிளகு போட்ட நாட்டுக்கோழிச் சாறு, பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரிடமும் டிக்கெட் வாங்கியதற்குக் கொசுறாக ஒரு வைத்தியம். எல்லாம் தொண்டைக்கு இதமாக இருந்தது, நெஞ்சுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இங்கேயே வந்தபோது டாக்டரம்மா ஒரு குழாயில் ஊதச் சொல்லி, கம்ப்யூட்டரில் கோடு பார்த்து, "இது நாள்பட்டுப் போச்சுங்க. முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன், ஆனா அடக்கி வச்சுக்கலாம்" என்றார். அடக்கி வைப்பதாம். அடங்காத மாட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு உழ முடியும்?

மூச்சு வருகிறது, போகிறது, வருகிறது. கவனித்தால்தான் வம்பு, கவனிக்காமல் இருந்தால் தானாக நடக்கும், ஆனால் நான் பார்க்காத நேரத்தில் நின்றுவிட்டால்? அதற்காகவே இரவில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன், வசந்தாமணி தலையணைக்கு மேல் தலையணையாக வைத்துக் கட்டிலை ஈஸிசேர் ஆக்கிவிட்டாள். விசிலை நினைத்தால்தான் அந்தத் தூக்கமும் போகிறது. ஒரு விசில் நிறுத்த, ரெண்டு விசில் எடுக்க, பஸ்ஸுக்கு அவ்வளவுதான் பாஷை. டிரைவர் காளியண்ணன் பின்னாடி திரும்பிப் பார்க்கிற ஆள் கிடையாது, என் விசிலைக் கேட்டுத்தான் அவர் காலே அசையும், அத்தனை நம்பிக்கை. போன வாரம் கொடிவேரி பிரிவில் ரெண்டு விசில் கொடுத்தேன், வண்டி நகர்ந்தது, அப்போதுதான் ஒரு கர்ப்பிணிப் பெண் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக ஓடி வந்து தொற்றுவதைப் பார்த்தேன். விசிலை வாயில் வைத்து ஊதினேன். எச்சில்தான் வந்தது. மறுபடி ஊதினேன், உஸ் என்று காற்று போனது, சத்தம் இல்லை, ஹோல்டான் என்று கத்தலாம் என்றால் அதற்கும் மூச்சு வேண்டுமே, பஸ் தகரத்தைக் கையால் அடி அடி என்று அடித்தேன். காளியண்ணன் நிறுத்திவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏறி, சத்திக்கு ஒரு டிக்கெட் என்றாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அன்றிலிருந்து தகரத்தைத் தட்டித்தான் ஓட்டுகிறேன். காளியண்ணன் டீக்கடையில் கேட்டார், "ஏனப்பா, விசிலு தொலஞ்சு போச்சா, புதுசு வாங்கியாரட்டுமா?" விசில் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆமாங்கண்ணா, தொலைஞ்சு போச்சு என்றேன். ஒரு விசில் ஊத முடியாதவனைக் கண்டக்டராக யார் வைத்துக்கொள்வார்கள்? அதுவாவது போகட்டும், விசில் ஊதக்கூட இல்லாத மூச்சு வேறு எதற்கு மிச்சமிருக்கிறது?

இத்தனைக்கும் நல்ல மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் பயம். மருந்து எடுக்காமல் இப்படி ஆகியிருந்தால் எடுத்தால் சரியாகிவிடும் என்று இருக்கலாம். போன தடவை டாக்டரம்மா மேசைக்கு முன்னால் ஆளுங்க வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் அந்த இன்ஹேலரைக் கொடுத்தார். கையடக்கமாக, ஒரு பக்கம் வாயில் வைக்கிற மாதிரி. உள்ளே ஒரு கேப்சூல் மாத்திரை போட வேண்டும், அமுக்கினால் மாத்திரையில் ஓட்டை விழும், அதற்குள் வெள்ளைப் பொடி. சளி மருந்து, மாத்திரை எல்லாம் பக்க வாத்தியம், இதுதான் பாட்டு, இது கேட்டால் உங்களுக்குக் கவலையில்லை என்றார். மூச்சை நல்லா வெளியே விடுங்க என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னார். அதற்கு மேல் எதுவும் என் காதில் ஏறவில்லை, இன்ஹேலர் என்றதுமே மாமா முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது, அதைப் பிடிச்சா விட முடியாது மாப்ள என்று அவர் யாரையோ பற்றிச் சொன்னது. ஆனாலும் நாம் கண்டக்டர், வாயில் வைக்கிற சாமானைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு வேளை தப்பவிடவில்லை. காலையில் குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, சவரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உள்ள மூச்சையெல்லாம் கூட்டி, கண்ணில் தண்ணீர் வரும்வரை. ராத்திரியும் அப்படியே. வாயைக் கொப்பளிக்கச் சொன்னார், கொப்பளித்தேன். மோர் விட்டேன், வாழைப்பழம் விட்டேன், அவர் விடச் சொல்லாததைக்கூட விட்டேன். வசந்தாமணி மட்டும் தினம் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சத்தம் போடுவாள், "வயசான காலத்துல இத்தன பவுடரு எதுக்கு, கண்ணாடியெல்லாம் வெள்ளையா அப்பிக் கெடக்குது, பஸ்ஸுல உங்கள யாரு பாக்கப் போறாங்க?" மூச்சு வாங்கும்போது சண்டை போட முடியாது. ஆக, பாட்டே கேட்கவில்லை. இருக்கிறதிலேயே நல்ல மருந்தை ஒழுங்காக எடுத்தும் உடம்பு இறங்கிக்கொண்டே போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல மாமா வேண்டுமா?

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா குரல். வசந்தாமணியைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். தனியாக எதற்குக் கூப்பிட வேண்டும்? இந்தப் பெட்டி கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தால் தேவலை. "...இது கேக்கலைன்னா..." என்கிறார். பிறகு கரகர. பிறகு "...வீட்டிலேயே ஆக்சிஜன்..." பிறகு யாரோ கதவைச் சாத்துகிறார்கள். பிறகு வசந்தாமணி, அவள் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கும், "அவரு ஒரு வேளை கூடத் தவறாம எடுக்கறாருங்க. மருந்துல கொறையே சொல்ல முடியாதுங்க. சாமி கும்பிட்டுட்டுத்தான் எடுப்பாரு." குரல் கடைசியில் உடைகிறது. அழாதே, வசந்தா, அழுதால் நான் என்ன செய்வேன். கை நடுங்குகிறது. இப்போதுதான் பார்க்கிறேன், ரெண்டு கையும் நடுங்குகிறது, மடியில் வைத்து அமுக்கினால் முழங்கால் சேர்ந்து ஆடுகிறது, நெஞ்சு படபடவென்று, பழைய வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி. ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கும் கை நடுங்கியது. நடுங்கியதா? நடுங்கியிருக்கும். அப்பா அன்றைக்கு என்னதான் சொன்னார், இதைக் கழற்று என்றா, பயமா இருக்குதுடா என்றா? பயமா இருக்குது என்றுதான் சொல்லியிருப்பார், எனக்கு இப்போது சொல்லத் தோன்றுவது அதுதான், பயமா இருக்குது, வேறு ஒன்றும் இல்லை, தண்ணி வேண்டாம், ஜன்னல் அப்படியே இருக்கட்டும், பயமா இருக்குது. அன்றைக்கு நான் போய் ஜன்னலைச் சாத்தினேன். எதிரே பாப்பா தன் ரெண்டு கையையும் நீட்டி எனக்குக் காட்டுகிறது. அதன் விரல்களும் நடுங்குகின்றன, அதற்கு அது விளையாட்டு, பாருங்க எனக்கும் ஆடுது என்று கண்ணால் சிரிக்கிறது. அதன் அம்மா, "மருந்தாலதாங்க, கொஞ்ச நேரத்துல நின்னுரும், இவளுக்கு எப்பவுமே இப்படித்தான்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். பாப்பாவுக்கு மருந்தால் ஆடலாம், எனக்கு எதனால் ஆடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

பெட்டி சத்தம் நின்றதும் காது அடைத்தது போல ஆனது. நர்ஸ் முகமூடியைக் கழற்றினாள், முகத்தில் காற்று பட்டது, வெறும் காற்று, டெட்டால் நாற்றத்தோடு, அதுவே அமிர்தமாக இருந்தது. நெஞ்சு கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது, ஆனால் லேசாக இருப்பதை நம்பக்கூடாது. டாக்டரம்மா திரையை ஒதுக்கிக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார், பின்னாலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வசந்தாமணி. சொல்லப் போகிறார். சொல்லட்டும். "சென்னியப்பன், கை நடுக்கம் மருந்தோட வேலைங்க, பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணு புரியலை. இந்த மிஷின்ல கொடுத்தா உங்க மூச்சு தெறக்குது, இப்பத்தான் நம்பர் ஏறிச்சு. ஆனா வீட்ல இன்ஹேலர் எடுத்தா கேக்க மாட்டேங்குதுன்னு சொல்றீங்க. அதைக் கொண்டாந்திருக்கீங்களா?" வசந்தாமணி பையிலிருந்து எடுத்தாள், மஞ்சள் துணியில் சுற்றி, ஏதோ சாமி சாமான் போல. "எப்படி எடுக்கறீங்கன்னு ஒரு தடவை எனக்குக் காட்டுங்க."

இதென்ன பரீட்சை. காட்டினேன். மாத்திரையை எடுத்தேன், கையில் ஈரம் இல்லாமல் துடைத்துக்கொண்டுதான், உள்ளே வைத்து மூடினேன், அமுக்கி ஓட்டை போட்டேன், நிமிர்ந்து உட்கார்ந்தேன், டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், நூற்றுக்கு நூறு என்று எனக்கே ஒரு தெம்பு. வாயில் வைத்து, உதட்டை இறுக்கி, நெஞ்சில் இருந்ததையெல்லாம் திரட்டி, கொடிவேரி பிரிவில் வராத அந்த ஒரு விசிலையும் சேர்த்து ஊதினேன். டாக்டரம்மாவின் நீலச் சேலையில் வெள்ளைப் பொடி போய் விழுந்தது. மூக்குக் கண்ணாடியிலும் கொஞ்சம். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வசந்தாமணிதான் முந்தானையை வாயிலிருந்து எடுத்து மெதுவாகச் சொன்னாள், "ஏனுங்க, அப்ப கண்ணாடியில அப்பிக் கெடந்தது பவுடரு இல்லீங்களா?"

"ஊதக்கூடாதுங்க" என்றார் டாக்டரம்மா, சிரிப்பை அடக்க அவர் படுகிற பாடு தெரிந்தது, ஆனால் கண் கலங்கித்தான் இருந்தது. "இதை வாயில வைக்கறதுக்கு முன்னாடிதான் மூச்சை வெளிய விடணும். வச்சப்புறம் இழுக்கணும், உள்ள, வேகமா, ஆழமா. அன்னிக்கே உங்களச் செஞ்சு காட்டச் சொல்லியிருக்கணும், என் தப்பு. இத்தனை நாளா ஒரு மாத்திரைகூட உங்க நெஞ்சுக்குள்ள போகலை." வசந்தாமணி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், "எல்லாத்தையும் நாந்தானுங்க துணியில தொடச்சுத் தொடச்சு எறிஞ்சிருக்கறேன்" என்றாள், நர்ஸ் சிரித்தாள், பாப்பாவின் அம்மா சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஊரே சிரிக்கப் போகிற கதை, காளியண்ணன் காதுக்குப் போனால் சத்தி வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சொல்வார், விசில்காரன் புத்தி விசிலோடதான் என்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆக, மருந்து தோற்கவில்லை, மருந்து இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஏன் பயம் இன்னும் கூடுகிறது? இத்தனை நாள் பயந்தது பொய் மருந்துக்கு. இனிமேல்தான் நிஜமான மருந்து, இதுவும் கேட்கவில்லை என்றால் எடுத்த விதம் தப்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது, துடைக்கக் கண்ணாடியில் தூசியும் இருக்காது. தெரியாமல் இருந்ததே நன்றாக இருந்ததோ? வேண்டாம் டாக்டர், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாமா? டாக்டரம்மா இன்னொரு மாத்திரையை அவரே போட்டு, ஓட்டை போட்டு, என் கையில் வைத்துவிட்டார். "தள்ளித் திரும்பி மூச்சை வெளிய விடுங்க. ம். இப்ப வாயில வைங்க. இழுங்க."

வாய் பழக்கத்தில் ஊதப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். இழுத்தேன். கிர் என்று உள்ளே மாத்திரை சுழல்கிற சத்தம், இத்தனை நாளில் கேட்காத சத்தம், நாக்கில் லேசாக ஒரு இனிப்பு, தொண்டையில் பொடி உராய்ந்துகொண்டு இறங்குவது தெரிந்தது, இருமல் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தது, வராதே, வராதே. "அவ்வளவுதான், வாயை மூடுங்க, மூச்சைப் புடிச்சு வைங்க" என்று டாக்டரம்மா மனசுக்குள் எண்ணுவது போல விரலை மடக்கிக்கொண்டே வந்தார். பிடித்து வைத்தேன். இவ்வளவு வருஷமும் ரோட்டில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் ஊதி ஊதிக் கொடுத்தது, முதல் தடவையாக எனக்கென்று ஒரு மூச்சு உள்ளே இருக்கிறது. அது எந்தப் பக்கம் போகிறது, எங்கே போய் நிற்கிறது, அப்பாவின் நெஞ்சில் அடைத்த அதே இடத்துக்குப் போய்த் தட்டுகிறதா, கதவு திறக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா விரல்களை எல்லாம் மடக்கி முடித்துவிட்டார். "ம், போதும், விடுங்க." நான் விடவில்லை. விட்டால் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கட்டும். கண்ணில் பூச்சி பறக்கிறது, விரல் கிளிப்பில் சிவப்பு மாறி மாறி மின்னுவது மட்டும் தெரிகிறது, பாப்பா காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறது. வசந்தாமணி என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "ஏனுங்க, அவங்கதான் விடச் சொல்றாங்கல்ல. விடுங்க. நான் இங்கதான் இருக்கறேன், விடுங்க."